நம் கதையை நாமே அச்சேற்றுவோம்

தோட்டத் தொழிலாளர் வீட்டில் என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன? பஞ்சாங்கம் இருக்கும். பிள்ளைகளின் பள்ளிப் பாடநூல்கள் இருக்கும். சாமி படத்துக்குக் கீழே கந்தர் சஷ்டி கவசம் இருக்கும். தகரப் பெட்டியில் சேமநிதிக் காகிதங்களும் பிறப்புப் பத்திரங்களும் பத்திரமாக இருக்கும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால், அந்த வீட்டில் வாழ்கிறவர்களைப் பற்றி, அவர்களைப் பெற்றவர்களைப் பற்றி, அவர்கள் பால் வெட்டிய தோட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் ஒன்று உண்டா? லயம் லயமாகத் தேடினாலும் கிடைப்பது அரிது.

இந்தக் குறையைப் பற்றியே இம்முறை எழுதத் துணிந்தோம்.

நாம் பேசுவது காப்பியங்களைப் பற்றியன்று. ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வாழ்க்கையை எழுதிச் சொந்தக் காசில் சில நூறு படிகள் அச்சிடுகிறார். இன்னொருவர் தம் ஊரின், தம் கோயிலின், தம் தோட்டத்தின் வரலாற்றைத் திரட்டிச் சிறு நூலாக்குகிறார். வேறொருவர் பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறார். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கோலாலம்பூரின் மற்றப் பகுதிகளிலும் இப்படிப்பட்ட சிறு நூல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வெளியீட்டு விழா நடக்கிறது. மாலை விழுகிறது. பிரமுகர் ஒருவர் உறையில் பணம் வைத்துக் கொடுத்து முதல் படியைப் பெற்றுக்கொள்கிறார். படம் பத்திரிகையில் வருகிறது. மிச்சப் படிகள் ஆசிரியரின் கட்டிலுக்கடியில் போய்ச் சேருகின்றன. எழுதியவர் நம்மவர்; எழுதப்பட்டவரும் நம்மவர்; வாசிக்க வேண்டிய நம்மவர் கைக்கு மட்டும் நூல் வந்து சேருவதில்லை. இது யார் குற்றம் என்று வாதாடுவதற்கு முன், இதனால் நமக்கு என்ன நட்டம் என்று பார்ப்போம்.

மரத்துக்கு இருக்கும் சரித்திரம் மனிதனுக்கு இல்லையா?

பால் வெட்டும் தோழர்களுக்கு ‘பி.பி. 260’ என்ற மர இனத்தைத் தெரியும். அந்த ‘பி.பி.’ என்ற எழுத்துகள் எங்கிருந்து வந்தன? சிலாங்கூரில் இருந்த பிராங் பெசார் என்ற தோட்டத்தின் பெயரிலிருந்து வந்தவை அவை. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலப் படை அதிகாரிகள் போருக்குப் பின் திறந்த தோட்டம் அது. பெயரின் பொருளே ‘பெரும் போர்’ என்பதுதான். அங்கே தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிய ரப்பர் இனங்களுக்கெல்லாம் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள்.

1995ஆம் ஆண்டு அந்த நிலத்தில் புத்ராஜெயா எழத் தொடங்கியது. மரங்கள் விழுந்தன, லயங்கள் விழுந்தன, மக்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். ஆனால் மரத்தின் பெயர் மட்டும் போகவில்லை. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இன்றைக்கும் பி.பி. மரம் வெட்டப்படுகிறது; பயிர் நூல்களில் அதன் பெயர் நிற்கிறது. காரணம் என்ன? அந்த மரம் எத்தனை பால் கொடுத்தது, பட்டை எப்படி வளர்ந்தது, காற்றுக்கு ஈடு கொடுத்ததா என்று ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தார். அந்த மரத்தை விடியற்காலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போய் வெட்டியவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை பிள்ளைகளை அந்த லயத்தில் வளர்த்தார் என்று எழுதி வைத்தவர் யார்? செக்குரோலில் அவருடைய பெயர் இருந்திருக்கும். நாள் கணக்கும் ராத்தல் கணக்கும் இருந்திருக்கும். அவருடைய வாழ்க்கை அதில் இராது.

பிராங் பெசார் ஒன்று மட்டுமல்ல. இன்று சுபாங் ஜெயா என்று சொல்லப்படும் நகரம் சீபீல்ட் தோட்டத்து நிலத்தில் 1976 முதல் எழுந்தது. 1998ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த அரங்கம் புக்கிட் ஜாலிலில் நிற்கிறது. அதுவும் தோட்டமாக இருந்த இடந்தான். நிலம் கைமாறும்போது ஏக்கர் கணக்கு எழுத்தில் வருகிறது. விலை எழுத்தில் வருகிறது. கோயில் எந்த ஆண்டில் எழுந்தது, பள்ளிக்கூடத்தைக் கட்ட மரம் சுமந்தவர் யார், இடுகாட்டில் படுத்திருப்பவர் யார் என்பது எழுத்தில் வருவதில்லை. பின்னர் அந்தக் கோயிலுக்காகவோ இடுகாட்டுக்காகவோ வாதாட நாம் போய் நிற்கும்போது, “ஆதாரம் எங்கே?” என்று கேட்கிறார்கள். வாய் திறக்க முடிகிறதா நம்மால்?

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் விவேகானந்தர் ஆசிரமத்தை நினைத்துப் பாருங்கள். 1904ஆம் ஆண்டுக் கட்டடம். அந்த நிலத்தில் அடுக்குமாடி எழுப்பத் திட்டம் என்ற பேச்சு 2014ஆம் ஆண்டு வந்தபோது பலர் எதிர்த்து எழுந்தார்கள். கட்டடத்தின் வயதும் வரலாறும் எழுத்தில் இருந்தன. ஆகவே எடுத்துச் சொல்லி வாதாட முடிந்தது. நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அப்படி ஒரு சிறு நூல் உண்டா?

சயாம் இரயில் சொல்லும் பாடம்

எழுதாமல் விட்டதால் வந்த பெரிய நட்டம் எது என்று கேட்டால், சயாம் மரண இரயிலைச் சொல்வோம்.

ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டார்கள். பிடிபட்ட வெள்ளைப் போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள்; அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களோடு ஆசியத் தொழிலாளரும் இருந்தார்கள். கைதிகளைவிட இவர்கள் தொகை பெரிது. இறந்தவர் தொகையும் பல மடங்கு பெரிது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் அவர்கள் மடிந்தார்கள்.

வெள்ளைக் கைதிகளில் பலர் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள். படம் வரைந்தார்கள். நாடு திரும்பியதும் நினைவு நூல்கள் எழுதினார்கள். பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952ஆம் ஆண்டு க்வாய் ஆற்றுப் பாலத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார். 1957ஆம் ஆண்டு அது திரைப்படமாகி உலகமெல்லாம் ஓடியது. காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. பெரும்பாலான கற்களில் மாண்டவரின் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவும் சரியே, மாண்டவரை மதிப்பது மனிதர் கடமை. ஆனால் நம்மவருக்கு என்ன இருந்தது? பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

திரும்பி வந்த நம்மவர்கள் பேசாமல் இல்லை. லயத்து வாசலில், கள்ளுக்கடை வாசலில், பிள்ளைகளிடம், பேரர்களிடம் சொன்னார்கள். சொன்னது காற்றோடு போயிற்று. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலை வெளியிட்டபோது ஆண்டு 1993. பாதை போட்டு ஐம்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன! பின்னர் அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்ற நாவலை எழுதினார். அவரே ‘லங்காட் நதிக்கரை’ என்ற நூலில் நம் சிலாங்கூர்ப் பக்கத்துக் கதையையும் எழுதினார். காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் நாட்டப்பட்டது 2023ஆம் ஆண்டில்தான். எண்பது ஆண்டு! எழுத்து முன்னே வந்திருந்தால் கல்லும் முன்னே வந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்து தகப்பனை அனுப்பிவைத்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார். அப்படி ஒருவர் உங்கள் தோட்டத்தில் இருந்தால், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள அடுத்த தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம்.

கிள்ளான் வேலைநிறுத்தத்தை எழுதியவர் யார்?

இன்னொன்று, நம் வீட்டு வாசலில் நடந்தது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் மூலம் அவர்களுக்கு வழிகாட்டினார். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், கொந்தளிப்பு வளர்ந்தது, பட்டாளம் வந்தது, சுட்டார்கள், தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அவர்கள் கேட்டவை என்ன? கூலி உயர்வு மட்டுமா? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கேட்டார்கள். மருத்துவ வசதி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கொடுமை செய்யும் கிராணிகளை மாற்றச் சொன்னார்கள்.

கிராணி வேலை பார்க்கும் நம்மைப் போன்றோர் அந்தக் கடைசி இரண்டு கோரிக்கைகளை நின்று நிதானமாக வாசிக்க வேண்டும். அந்நாளில் தொழிலாளியை மிதித்தவன் துரை மட்டுமல்லன். துரையின் காலடியில் பேனா பிடித்தவனும் மிதித்தான். இது தமிழில், நம்மவர் கையெழுத்தில், நம்மவர் வாய்மொழியில் இருக்க வேண்டிய செய்தி. ஆனால் இதை விரிவாக அறிய வேண்டுமானால் எங்கே போக வேண்டியிருக்கிறது? சார்லஸ் கம்பா 1962ஆம் ஆண்டிலும் மைக்கேல் ஸ்டென்சன் 1980ஆம் ஆண்டிலும் எழுதிய ஆங்கில நூல்களுக்கும், காலனி அரசாங்கத்தின் கோப்புகளுக்கும் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பேராசிரியர்களுக்கு நாம் நன்றி உடையவர்கள். ஆனால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனுடைய மனம் கோப்பில் இராது. கோப்பை எழுதியவன் இறங்கி நின்றவனல்லன்.

அதனாலேயே, மா. ஜானகிராமன் எழுதி 2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘மலேசிய இந்தியர்களின் இக்கட்டான நிலை’ போன்ற நூல்களை நாம் பெரிதாக மதிக்கிறோம். சஞ்சிக்கூலி காலம் முதல் நம் கதையை நம்மவர் ஒருவர் தமிழில் திரட்டித் தந்தார். பெரிய கம்பெனி பின்னால் நிற்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டமும் அதற்குக் காரணமன்று. எழுத வேண்டும் என்ற பிடிவாதந்தான் காரணம். பிறகு அது ஆங்கிலத்திலும் வந்தது. நம்மவர் எழுதியதைப் பிறர் மொழிக்குக் கொண்டுபோவது ஒரு முறை. பிறர் எழுதியதிலிருந்து நம்மை நாம் தெரிந்துகொள்வது இன்னொரு முறை. எது மானமுள்ள முறை என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

எழுத நமக்கு என்ன தெரியும்?

இப்படிக் கேட்கும் தோழர்கள் உண்டு. “நாங்கள் பால் வெட்டுகிறவர்கள், எங்களுக்கு எழுத வருமா?” என்கிறார்கள். எழுத வராவிட்டால் என்ன? சொல்ல வருமே! பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட விதம், முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய பொருள், மழைநாளில் வேலையில்லாமல் அடுப்பு எரியாத வீடு, ஆயாக் கொட்டகையில் கைப்பிள்ளையை விட்டுவிட்டு நிரைக்கு ஓடிய தாயின் மாரில் பால் கட்டிக்கொண்ட வேதனை — இவற்றைச் சொல்ல எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. தொழிலாளியிடம் கதை இருக்கிறது. கிராணியிடம் பேனா இருக்கிறது. இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரு நூல் பிறக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். கிராணித் தமிழில் அலங்காரம் செய்யக் கூடாது. அட்டையில் சொன்னவர் பெயர்தான் மேலே நிற்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நினைவு நூல் என்ற பெயரில் பிரமுகர்களோடு எடுத்த படங்களையும் வாழ்த்துரைகளையும் அடுக்கி, நடுவே நாலு பக்கம் வாழ்க்கை வைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது நூலன்று, கல்யாண ஆல்பம். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் நல்லதை மட்டும் எழுதிவிட்டு, லயத்தில் சாதி பார்த்து வீடு பிரித்ததையும், கள்ளால் கெட்ட குடும்பங்களையும், சங்கத்தில் சேர்ந்தவனைக் காட்டிக் கொடுத்தவர்களையும் மறைத்துவிடுகிறார்கள். மறைத்த வரலாறு பிள்ளைகளுக்கு உதவாது. யாரையும் பெயர் சொல்லித் தூற்ற வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும். பெண்கள் சொல்லும் கதையைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்து, மரம் வெட்டி, பால் சுமந்து, மறுபடி சமைத்தவர்கள் அவர்கள். நம் சங்கக் கூட்டங்களின் பழைய படங்களில் அவர்களைப் பின்வரிசையில்கூடக் காணோம்.

பிள்ளைகளுக்கு எந்தக் கதை?

1957ஆம் ஆண்டு சுதந்திரம் வந்தபோது நாட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூறுக்குச் சற்று மேலே இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வாசிக்கும் கதைப்புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால், ஆலமரத்தடியும் மாட்டு வண்டியும் மன்னரும் மந்திரியும் நிறைய வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களை நாம் வெறுக்கவில்லை. தாய்வீட்டுச் சீர் அது. ஆனால் நம் பிள்ளை கண்ணால் கண்டது கதையில் வர வேண்டாமா?

ரப்பர் காய் வெயிலில் வெடித்துக் கொட்டை சிதறும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். அந்தக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைத்துச் சிரித்தவர்கள் நாம். செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிப்பதற்காக ஆந்தைக்கு மரப்பெட்டி வீடு கட்டி வைக்கிறார்கள். அந்த ஆந்தையைப் பற்றி ஒரு கதை எழுதினால் எந்தப் பிள்ளை வாசிக்காமல் வைக்கும்? கேரித் தீவுத் தோட்டப்புறத்திலிருந்து வந்த ஆசிரியர் முரசு. நெடுமாறன் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதினார். நாடெங்கும் சிதறிக்கிடந்த கவிதைகளைத் திரட்டி 1997ஆம் ஆண்டு ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்ற பெருநூலாக்கினார். அவர் மகன் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ என்ற தமிழ் மென்பொருளைச் செய்து, கணினியில் தமிழ் எழுத வழி கண்டார். தோட்டத்துப் பிள்ளையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் வேண்டுமா?

சங்கக் கிளைகளுக்கு நம் யோசனை

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே, செய்யத்தக்க சிலவற்றைச் சொல்கிறோம்.

வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி தவணையாகப் பெற்றுத் தோட்டங்களையே வாங்கினார்கள். பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய கூட்டம் நாம். ஒரு சிறு நூலை அச்சிட முடியாதா? கிளைக்கு ஒரு நூல் நிதி தொடங்கலாம். உறுப்பினர் மாதம் ஒரு வெள்ளி போட்டால் போதும். ஆண்டுக்கு ஒரு நூல், அந்தத் தோட்டத்தைப் பற்றியே வரட்டும்.

அச்சுக்கூலிக்கு இப்போது முன்போல் ஆயிரம் படி அடிக்க வேண்டியதில்லை. ஐம்பது, நூறு படிகளும் அடித்துத் தருகிறார்கள். தேவையானதை அடித்து, விற்றபின் மறுபடி அடிக்கலாம். கட்டிலுக்கடியில் வைக்க வேண்டாம்.

நூல் வெளிவந்தால் அதன் ஐந்து படிகளை ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். நம் சிறு பதிப்பாளர்களில் பலர் இதை ஒரு தொல்லையாக நினைக்கிறார்கள். தொல்லையன்று, பாதுகாப்பு. லயம் இடிந்தாலும், கரையான் தின்றாலும், அந்த ஐந்து படிகள் அங்கே இருக்கும். நூறு ஆண்டு கழித்து ஒரு பேரப்பிள்ளை போய்த் தேடினால் தன் பாட்டியின் பெயர் அங்கே கிடைக்கும்.

விற்பனைக்குப் பிரமுகரை நம்ப வேண்டாம். சம்பள நாளில் சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போடுங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகும் கூட்டத்தில் ஒரு கடை போடுங்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தீபாவளிக்கு முறுக்கும் சேலையும் வாங்க வருகிறவர்களிடம் ஒரு நூலையும் நீட்டுங்கள். பிள்ளை தேர்வில் தேறினால் பிளாஸ்டிக் கோப்பை கொடுக்கிறோமே, அதற்குப் பதில் இரண்டு கதைப்புத்தகம் கொடுக்கலாம். திருமணத்துக்குப் போனால் மொய் உறையோடு ஒரு நூல் வைக்கலாம்.

கேட்பவர் இருந்தால் எழுதுகிறவர் வருவார். வாங்குபவர் இருந்தால் அச்சிடுபவர் வருவார். இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

தோழர்களே, சகோதரிகளே! கூலிக்காகப் போராடினோம், வீட்டுக்காகப் போராடினோம், இன்னும் போராட வேண்டியிருக்கிறது. போராடினோம் என்பதற்கே சாட்சி இல்லாமல் போனால், அடுத்த தலைமுறை நம்மைப் பற்றி என்ன நினைக்கும்? கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருந்தவர்கள் என்றுதானே நினைக்கும்? அப்படி நினைக்க விடலாமா?

இந்த வாரமே ஒரு ‘பள்ளி’ நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் லயத்தில் மூத்தவர் யாரோ, அவரிடம் போய் உட்காருங்கள். முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள். மற்றதை அவர் சொல்வார்.